புன்னை மரம்: விதை போடுறதுல இருந்து எண்ணெய் ஆட்டுற வரைக்கும் முழு வழிகாட்டி

கடற்கரை பக்கம் மனை வாங்கி வீடு கட்டுனவங்க எல்லாரும் ஒரே பொலம்பல் தான் பொலம்புவாங்க, என்ன செடி வச்சாலும் உப்புக்காத்துல இலை நுனி கருகிப் போகுது, மாமரம் வச்சா பூ நிக்க மாட்டேங்குது, கடைசில நாலு தென்னையும் ஒரு காகிதப்பூ கொடியும் தான் மிச்சம்னு. இவங்க யாரும் புன்னைய யோசிக்கறதே இல்ல, அது தான் எனக்கு புரியல. நம்ம கடலோரத்துலயே பொறந்து வளர்ந்த மரம், வருஷம் பூரா பச்சையா நிக்கும், இலை எண்ணெய் தடவுன மாதிரி மினுக்கும், பூவுக்கு நல்ல வாசம், காய்ல விளக்கெரிக்க எண்ணெய், கட்டை படகுக்கு. இவ்வளவும் ஒரே மரத்துல.

ஒரு விஷயத்த மட்டும் முதல்லயே சொல்லிடுறேன், இது மெதுவா வளர்ற மரம். மூணு வருஷத்துல வாசல்ல நிழல் வேணும், கார் நிறுத்தணும்னு நினைக்கிறவங்க புங்கன் வச்சுட்டு போய்டலாம். புன்னை வைக்கிறவங்க எடத்த சரியா பாத்து வச்சுட்டு, அப்புறம் அத தொந்தரவு பண்ணாம விட்டுடணும். புன்னைல நடக்கிற கோளாறுல பாதிக்கு மேல தப்பான எடம் தான் காரணம்.

முதல்ல, கைல இருக்கிறது புன்னை தானா?

சிரிக்காதீங்க, இது நெசமாவே பெரிய பிரச்சனை. நர்சரில போய் புன்னை கேட்டா புங்கன் கன்ன தூக்கி குடுத்துடுவாங்க, அவங்களுக்கு ரெண்டும் ஒண்ணு மாதிரி காதுல விழுது. வித்தியாசம் ரொம்ப சுலபம். புங்கன்ல ஒரு காம்புல அஞ்சு ஏழுன்னு சிற்றிலைங்க இருக்கும், இலை மெல்லிசா இருக்கும், காய் தட்டையா அவரை மாதிரி வரும். புன்னைல இலை தனித்தனி இலையா எதிரும் புதிருமா ஜோடியா இருக்கும், தடிப்பா தோல் மாதிரி, உள்ளங்கை நீளத்துக்கு வரும். இலைய வெயிலுக்கு நேரா புடிச்சு பாருங்க, நடு நரம்புல இருந்து ரெண்டு பக்கமும் சீப்பால வாரி விட்ட மாதிரி சன்ன சன்னமா நெருக்கமா நரம்பு நேர்கோடா ஓடும். இத ஒரு தடவை பாத்துட்டா அப்புறம் எந்த மரத்தோடயும் கொழப்பிக்க மாட்டீங்க. காம்ப கிள்ளுனா பால் வரும், அது கண்ணுல பட்டுடாம பாத்துக்கோங்க, எரிச்சல் பலமா இருக்கும்.

சுரபுன்னைன்னும் ஒண்ணு சொல்லுவாங்க, பிச்சாவரத்துல படகுல போய் பாக்குறோமே அந்த அலையாத்திக் காட்டு மரத்துக்கும் அந்த பேர் தான் சொல்றாங்க. அது வேற குடும்பம், இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. புன்னையோட தாவரவியல் பேர் காலோஃபில்லம் இனோஃபில்லம், நர்சரில சந்தேகம் வந்தா இந்த பேர காட்டி கேளுங்க.

இது நம்மூர்ல மட்டும் இருக்கிற மரமும் இல்ல. கிழக்கு ஆப்பிரிக்க கரையில இருந்து இந்தியா, இலங்கை, தென்கிழக்கு ஆசியா, ஆஸ்திரேலியாவோட வடக்கு, பசிபிக் தீவுகள் வரைக்கும் கடலோரமா பரவியிருக்கு. காய் தண்ணில மிதக்கும், உப்புத்தண்ணில ரொம்ப நாள் மிதந்துட்டு போய் வேற கரையில ஒதுங்கி முளைக்கும், அப்படித்தான் இவ்வளவு தூரம் போச்சு. இலங்கைல சிங்களத்துல தொம்பன்னு சொல்றாங்க, கொங்கண் பக்கம் உண்டி, ஹவாய்ல கமானி, தஹிதில தமானு, சேஷல்ஸ்ல தக்கமக்கா. கடைல தமானு ஆயில்னு சின்ன பாட்டில் ஆயிரக்கணக்குல விலை போட்டு விக்கிறாங்களே, அது வேற ஒண்ணும் இல்ல, நம்ம புன்னை எண்ணெய் தான்.

எங்க வைக்கலாம், எங்க வைக்கக்கூடாது

இந்த பகுதிய அவசரமா தாண்டிடாதீங்க. முழுசா வளர்ந்த புன்னை 8 மீட்டர்ல இருந்து 20 மீட்டர் வரைக்கும் போகும், உயரத்துக்கு சமமா அகலமும் வரும். அதுவும் கடற்கரையில காத்து அடிக்கிற பக்கத்துல நேரா வளராது, சாஞ்சு, வளைஞ்சு, கீழ் கிளை தரைய தொடுற மாதிரி பரவும். அதுல ஒரு அழகு இருக்கு, ஆனா 30க்கு 40 மனையில அந்த அழகுக்கு எடம் கிடையாது. சுவர்ல இருந்து குறைஞ்சது 5 மீட்டர் தள்ளி வைங்க, மேல கரண்டு கம்பி போற எடம்னா வேண்டவே வேண்டாம்.

மண்ணுக்கு இது ரொம்ப அலட்டிக்காது. மணல் தான் இதோட சொந்த மண், அதுக்காக செம்மண்ல வளராதுன்னு இல்ல, களிமண்லயும் வரும், தண்ணி கொஞ்ச நாள் தேங்குனாலும் தாங்கும். கடல்ல இருந்து அடிக்கிற உப்பு சாரலை தாங்குறதுல இதுக்கு ஈடா நம்மூர் மரங்க ரொம்ப கம்மி. தாங்காதது ரெண்டு தான், ஒண்ணு கடும் குளிர், உறைபனி, அதனால ஊட்டி கொடைக்கானல் ஆளுங்க ஆசைப்பட வேண்டாம். ரெண்டாவது அடர் நிழல். பெரிய மாமரத்துக்கு அடியில கொண்டு போய் வச்சீங்கன்னா வருஷக்கணக்குல அப்படியே நிக்கும், சாகாது, வளராது.

வைக்கக்கூடாத எடம்னா நடைபாதை, டைல்ஸ் போட்ட முற்றம், கார் நிறுத்துற எடம், ஸ்கூல் வாசல். காரணம் காய். கோலிகுண்டு மாதிரி உருண்டையா 3, 4 சென்டிமீட்டர்ல கொட்டும், கீழ விழுந்து காய்ஞ்சதும் இன்னும் உருளும், வயசானவங்க கால வச்சா வழுக்கி விட்டுடும். மண்தரையா இருந்தா பிரச்சனை இல்ல. பழம் தின்னி வவ்வால் வேற ராத்திரியில வந்து சதைய சப்பிட்டு கொட்டைய வேற எங்கயாவது கொண்டு போய் போட்டுட்டு போகும், காலையில ஜன்னல் சன்ஷேடு மேல கொட்டை கிடந்தா யார் வேலைன்னு யோசிக்க வேண்டாம்.

மெட்ராஸ்ல 2016 டிசம்பர்ல வர்தா புயல் அடிச்சப்போ தெருவெல்லாம் மரம் சாஞ்சு கிடந்தத பாத்தவங்களுக்கு தெரியும், குல்மொஹர், தூங்குமூஞ்சி மாதிரி வெளிநாட்டுல இருந்து வந்த மரங்க எவ்வளவு விழுந்துச்சுன்னு. அதுக்கப்புறம் தான் நம்ம நாட்டு மரம் வைங்க, புன்னை வைங்க, பூவரசு வைங்கன்னு பேச்சு பெருசா வந்துச்சு. புன்னைக்கு காத்து புதுசு இல்ல, கடல் காத்துல நின்னு பழகுன மரம், மெதுவா வளர்றதால கட்டையும் கெட்டியா இருக்கும். ஆனா ஒரு மீட்டர் சிமெண்ட் குழியில அடைச்சு வச்சா புன்னையும் தான் சாயும், வேர் போக எடம் வேணும்ல.

விதை எடுக்கிறது, முளைக்க வைக்கிறது

நர்சரில கன்னு கிடைக்கலைன்னா கவலப்படாதீங்க, விதையில இருந்தே சுலபமா வரும். மரத்துக்கு கீழ போய் பொறுக்குங்க. பச்சையா இருக்கிறது வேண்டாம், மஞ்சளாகி, அப்புறம் பழுப்பாகி தோல் சுருங்கி விழுந்தத எடுங்க. கைல எடுத்து காதோரமா ஆட்டி பாருங்க, லொட லொடன்னு சத்தம் வந்தா உள்ள பருப்பு காய்ஞ்சு சுருங்கிடுச்சுன்னு அர்த்தம், எண்ணெய்க்கு அது ஓகே, முளைக்க வைக்க ஆகாது. ஓட்டுல சின்ன ஓட்டை தெரிஞ்சா பூச்சி புகுந்துருக்கு, தூக்கி போட்டுடுங்க. கிலோவுக்கு நூறுல இருந்து இருநூறு காய் வரைக்கும் நிக்கும், வீட்டுக்கு ஒரு கைப்பிடி போதும்.

மேல் தோலையும் சதையையும் தண்ணில ஊற வச்சு தேய்ச்சு எடுத்துடுங்க. அதுக்கு கீழ கெட்டியான ஓடு, ஓட்டுக்கு உள் பக்கம் கார்க்கு மாதிரி ஒரு மெத்துன்னு அடுக்கு, அதுக்குள்ள தான் உருண்டையா வெளிர் மஞ்சள்ல பருப்பு. இந்த ஓடு தான் விஷயமே. ஓட்ட அப்படியே வச்சு போட்டா முளைக்க சராசரியா 57 நாள் ஆகும், ஓட்டுல விரிசல் விட்டு போட்டா 38 நாள், முழுசா உரிச்சு பருப்ப மட்டும் போட்டா 22 நாள், இது பசிபிக் தீவுகள்ல கன்னு வளர்க்கிறவங்க சொல்ற கணக்கு. அதனால பொறுமை இருந்தா உரிச்சுடுங்க. அம்மிக்கல்லு மேல வச்சு சின்ன சுத்தியால மேல இருந்து ஒரே போடா போடக்கூடாது, பருப்பு நசுங்கிடும். காய பக்கவாட்டுல புடிச்சுக்கிட்டு உருட்டி உருட்டி லேசா தட்டுங்க, டொக்குன்னு இருக்கிற சத்தம் ஒரு எடத்துல சடக்குன்னு மாறும், அப்ப நிறுத்திட்டு நகத்தால பிரிச்சுடலாம். பருப்புல கீறல் விழுந்தத தனியா வச்சுடுங்க, அழுகிடும்.

உரிச்ச பருப்ப ஆத்து மணலும் தொழு உரமும் கலந்த கலவையில, பருப்பு மூடுற அளவுக்கு மட்டும் புதைங்க, ஆழமா போடாதீங்க. ஈரம் இருக்கணும், சொதசொதன்னு இருக்கக்கூடாது. எறும்பு, அணில், எலி மூணுத்துல இருந்தும் காப்பாத்தணும், மேல ஒரு கம்பி வலைய போட்டுடுங்க, உரிச்ச பருப்புக்கு ஓட்டு பாதுகாப்பு இல்லைங்கறத மறந்துடாதீங்க. எலித்தொல்லை அதிகமா இருக்கிற எடம்னா விரிசல் மட்டும் விட்டு போடுறது தான் புத்திசாலித்தனம், ரெண்டு வாரம் கூட ஆனா ஆகட்டும்.

இதுல எனக்கு ரொம்ப புடிச்ச விஷயம் ஒண்ணு நற்றிணைல இருக்கு, 172வது பாட்டு. சின்ன வயசுல தோழிங்களோட விளையாடும்போது புன்னைக் கொட்டைய வெள்ளை மணல்ல அழுத்தி வச்சுட்டு மறந்துடுறாங்க, அது முளைச்சிடுது, அப்புறம் நெய்யும் பாலும் ஊத்தி வளர்க்கிறாங்க. அம்மா சொல்றாங்க, இது உங்கள விட ஒசத்தி, இது உங்க தங்கச்சின்னு. அதனால இப்ப காதலன் வந்து அந்த மரத்தடியில நின்னு சிரிச்சு பேச கூப்பிட்டா, தங்கச்சி முன்னாடி எப்படின்னு வெக்கமா இருக்காம். ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி சொன்ன செய்முறைய பாருங்க, மணல்ல அழுத்தணும், மறந்துடணும். நெய்யும் பாலும் மட்டும் நீங்க ஊத்த வேண்டாம், எறும்பு தான் வரும்.

கன்ன நடுறதும் முதல் மூணு வருஷமும்

முளைச்ச நாத்த ரெண்டு ஜோடி இலை விட்டதும் பைக்கு மாத்துங்க, நல்ல ஆழமான பையா, ஏன்னா ஆணிவேர் சீக்கிரம் கீழ எறங்கும், சின்ன பையில சுருண்டுக்கும். ஆரம்பத்துல அரை நிழல், போகப்போக வெயில்ல வைங்க. ஒரு அடி உயரம் வந்ததும், சுமாரா அஞ்சாறு மாசத்துல, நடவுக்கு தயார். நடுறதுக்கு நம்ம ஊருக்கு வடகிழக்கு பருவமழை ஆரம்பிக்கிற நேரம் தான் சரி, ஐப்பசியில நட்டுட்டா முதல் ரெண்டு மாசம் மழையே தண்ணி ஊத்திடும்.

குழி ரெண்டடிக்கு ரெண்டடி. வெறும் மணலா இருந்தா மக்குன எருவும் கொஞ்சம் செம்மண்ணும் கலந்துக்கோங்க, உப்பு மண்ணா இருந்தா எரு கொஞ்சம் கூடவே போடுங்க. தண்டும் வேரும் சேர்ற கழுத்து புதையாம நடுங்க. கடலுக்கு நேரா காத்து அடிக்கிற எடமா இருந்தா முதல் வருஷம் தென்ன ஓலையில ஒரு தட்டி கட்டி விடுங்க, உப்புக்காத்த தாங்குற மரம்னாலும் குழந்தைல கொஞ்சம் மறைப்பு குடுத்தா வேர் புடிக்க சுலபம். மழை நின்னதும் முதல் ரெண்டு கோடைக்கு வாரத்துல ரெண்டு தடவை நல்லா நனைய தண்ணி, மூணாவது வருஷத்துல இருந்து அதுவா பாத்துக்கும். ஆடு மாடு அவ்வளவா தொடாது, ஆனா மிதிச்சு ஒடிச்சுடும், முள்ளு வேலி போடுங்க.

முதல் ரெண்டு வருஷம் வளர்ச்சிய பாத்து நொந்துக்காதீங்க. மேல ஒண்ணும் நடக்கலையேன்னு தோணும். இந்த நேரத்துல தான் நெறைய பேர் யூரியாவ அள்ளி கொட்டுறாங்க, தேவையே இல்ல. விதையில இருந்து வந்த மரம் ஏழெட்டு வருஷத்துல பூக்க ஆரம்பிக்கும், ஒட்டுக்கன்னா இருந்தா அதுக்கு முன்னாடியே பூக்கும். பூச்சி நோய் பெருசா கிடையாது, இலைய சுருட்டுற புழு எப்பவாவது வரும், அதுக்கு வேப்பெண்ணெய் கரைசல் போதும். சேஷல்ஸ் தீவுல தான் ஒரு பூஞ்சை வாடல் நோய் வந்து தக்கமக்கா மரங்கள நெறைய காலி பண்ணுச்சு, பட்டைக்குள்ள துளைக்கிற வண்டு தான் அத பரப்புது.

அழகுக்கு எப்படியெல்லாம் வச்சுக்கலாம்

சாலையோரம் வைக்கிறதா இருந்தா மரத்துக்கு மரம் 8ல இருந்து 10 மீட்டர். முதல் அஞ்சு வருஷம் கீழ் கிளைங்கள கொஞ்சம் கொஞ்சமா எடுத்து ஒத்தத் தண்டா ஏத்தி விடணும், ஒரே நாள்ல மொட்டை அடிக்காதீங்க, எப்பவும் மரத்தோட மூணுல ரெண்டு பங்கு உயரத்துக்கு இலை இருக்கணும். வெட்டுற எடத்துல பால் ஒழுகும், கையுறை போட்டுக்கோங்க, கண்ண தேய்க்காதீங்க.

தோப்புக்கோ பீச் ரிசார்ட்டுக்கோ காத்துத் தடுப்பா வைக்கிறதுன்னா ரெண்டு வரிசையா, 3 மீட்டர் இடைவெளியில, முன் வரிசை மரத்துக்கு நடுவுல பின் வரிசை மரம் வர்ற மாதிரி முக்கோணமா நடுங்க. கீழ் கிளைய தொடவே கூடாது, காத்த தடுக்கிறதே அது தான். சவுக்கு வேகமா வரும், உண்மை தான், ஆனா சவுக்கு வெட்டி விக்கிற மரம், புன்னை நின்னு நிழல் குடுக்கிற மரம். ரெண்டையும் சேத்து வச்சு, முன்னாடி சவுக்கு, அதுக்குப் பின்னாடி புன்னைன்னு போட்டா சவுக்கு வெட்டுற நேரத்துல புன்னை தலை தூக்கிடும், இது தான் என்னைக் கேட்டா சரியான ஏற்பாடு.

சின்ன வீட்டுக்காரங்களுக்கு வேலியா வெட்டி வெட்டி வளர்க்கிற வழியும் இருக்கு. ஒண்ணரை மீட்டருக்கு ஒரு கன்னு நட்டு, ஆளுயரத்துல நுனிய கிள்ளி விட்டுட்டே இருந்தா அடர்த்தியா வரும், பூ கம்மியா தான் இருக்கும். தொட்டியிலயும் நாலஞ்சு வருஷம் வச்சுக்கலாம், மெதுவா வளர்றது அங்க ஒரு வசதி. போன்சாய் பண்றவங்களும் இத எடுக்கிறாங்க, இலை பெருசா இருக்கறதால சின்ன போன்சாய்க்கு ஒத்து வராது, கொஞ்சம் பெரிய சைஸ்ல பண்ணுனா அடிமரத்து பட்டை வெடிப்பு அருமையா தெரியும்.

பூ வந்தா தான் மரத்தோட மவுசு தெரியும். வெள்ளை இதழ், நடுவுல கொத்தா மஞ்சள் மகரந்தத்தாளு, அதுக்கு நடுவுல இளஞ்சிவப்புல ஒரு குட்டி உருண்டை. வருஷத்துல ரெண்டு தடவை நல்லா பூக்கும், காலையில மரத்தடியில போனா தேனீ சத்தம் மேல ஓடிட்டே இருக்கும், கீழ மண்ணு மேல மஞ்சப்பொடி தூவுன மாதிரி கிடக்கும். சங்கப் பாட்டுல நெய்தல் திணைன்னாலே புன்னை வந்துடும், மணல் மேல பொன் மாதிரி தாது உதிர்றத திரும்பத் திரும்ப சொல்லியிருக்காங்க. தேன் பெட்டி வைக்கிறவங்களுக்கும் இது நல்ல மரம்.

கோயில்னு எடுத்தா மயிலாப்பூர் கபாலீஸ்வரர் கோயில்ல தலவிருட்சமே புன்னை தான். பார்வதி மயிலா வந்து புன்னை மரத்தடியில சிவன பூஜை பண்ணுனதா தலபுராணம், அங்க புன்னைவனநாதர்னு தனி சன்னதியே இருக்கு. திருஞானசம்பந்தர் பூம்பாவைக்காக பாடுன பதிகத்தோட முதல் வரியிலயே மயிலையோட புன்னைக் கானல், அதாவது கடற்கரைச் சோலை, வந்துடுது, அந்த காலத்து மயிலாப்பூர் எப்படி இருந்துருக்கும்னு இதுலயே ஒரு படம் கிடைக்குது. தஞ்சாவூர் பக்கத்துல புன்னைநல்லூர், தாமிரபரணி கடல்ல கலக்குற எடத்துல புன்னைக்காயல், ஊர் பேர்லயே மரம் உக்காந்துருக்கு. பசிபிக் தீவுகள்ல கூட இதே கதை தான், தஹிதில வழிபாட்டு எடத்த சுத்தி தமானுவ நட்டு வச்சுருந்தாங்க.

எண்ணெய் எடுக்கிற வேலை

இதுல தான் பொறுமை வேணும், ஏன்னா அவசரப்பட்டா ஒரு சொட்டு கூட வராது. கீழ விழுந்த காயிலிருந்து உடனே பருப்ப எடுத்து நசுக்குனா கைல எண்ணெய் பசையே தெரியாது, என்னடா இதுல போய் எண்ணெய் இருக்குன்றாங்களேன்னு தோணும். காய வைக்க வைக்க தான் உள்ள எண்ணெய் ஊறி வரும்.

காய தினமும் பொறுக்குங்க, ஈரத்துல கிடந்தா பூஞ்சை புடிச்சுடும். சதை போனதும் நாலஞ்சு நாள் வெயில்ல போட்டா ஓடு சுலபமா உடையும். பருப்ப எடுத்து, அதுவும் முழுசா எடுத்து, சாக்கு மேலயோ வலைச் சட்டத்து மேலயோ ஒரே அடுக்கா பரப்புங்க. தரையில நேரா வேண்டாம், அடியில காத்து போகணும். முதல் வாரத்துல வெளிர் மஞ்சளா இருக்கிறது, அப்புறம் செம்பழுப்பு, ஒரு மாசம் தாண்டுனதும் காப்பிக்கொட்டை நெறத்துக்கு வந்து கைல எடுத்தா பிசுபிசுன்னு ஒட்டும், ஒரு காட்டமான வாசம் வரும். ஒண்ணுல இருந்து ரெண்டு மாசம் வரைக்கும் ஆகும், மழை நாள்ல உள்ள எடுத்து வச்சுடுங்க. கத்தியால வெட்டி பாத்தா உள்ள வரைக்கும் ஒரே நெறமா இருக்கணும், நடுவுல இன்னும் வெளுப்பா இருந்தா காய விடுங்க. சரியா காய்ஞ்ச பருப்போட எடையில பாதிக்கு மேல எண்ணெய் தான்.

ஆட்டுறதுக்கு சமையல் எண்ணெய் ஆட்டுற செக்குக்கு கொண்டு போகாதீங்க, தெரிஞ்சா கிட்டயே விட மாட்டாங்க, அது நியாயம் தான், புன்னை எண்ணெய் சாப்பிடக்கூடாதது, வாசம் வேற அடுத்த நாலு ஈடு கடலையிலயும் ஒட்டிக்கும். வேப்பங்கொட்டை, புங்கன் கொட்டை ஆட்டுற எடமா பாத்து போங்க. கொஞ்சமா தான் இருக்குன்னா வீட்டுலயே இடிச்சு, தண்ணி தெளிச்சு பிசைஞ்சு, வெயில்ல சூடேறுன தட்டுல வச்சு பிழிஞ்சு எடுக்கலாம், கை வலிக்கும், கிடைக்கிறதும் கொஞ்சம் தான்.

வர்ற எண்ணெய் கரும்பச்சையா, கெட்டியா இருக்கும். அதுல பிசின் கலந்துருக்கும், அதனால தான் அந்த நெறம். கண்ணாடி ஜாடியில ஊத்தி ஒரு வாரம் ஆடாம வைங்க, அடியில வண்டல் தங்கும், மேல இருக்கிறத மெல்லிசு துணியில வடிகட்டி கலர் பாட்டில்ல ஊத்தி வெயில் படாம வச்சுடுங்க.

எண்ணெய் எதுக்கெல்லாம் ஆகும்

மண்ணெண்ணெய் வர்றதுக்கு முன்னாடி கடலோர ஊருங்கள்ல வீட்டு விளக்குக்கு இது தான். நல்லெண்ணெய் மாதிரி சுத்தமா எரியாது, புகையும், பிசின் திரியில கட்டிக்கும், அதனால வெளி விளக்குக்கு வச்சுக்கோங்க, இல்லன்னா வேற எண்ணெயோட கலந்துக்கோங்க. படகு வேலையில இதுக்கு தனி எடம். மர வள்ளத்துக்கு பலகை இடுக்குல அடைக்கிறதுக்கு குங்கிலியத்தோட சேத்து காய்ச்சி பூசுவாங்க, தண்ணி புகாது, மரத்துல பூச்சியும் ஏறாது. ஃபைபர் படகு வந்த பிறகு இந்த வேலை ரொம்ப கொறைஞ்சு போச்சு. வீட்டுல மரக்கதவு, வண்டிச் சக்கரம், மண்வெட்டி காம்பு இதுக்கெல்லாம் ஒரு பூச்சு பூசி வெயில்ல வச்சா நல்லா உறிஞ்சிக்கும்.

சோப்பு பண்றவங்க கொஞ்சமா சேத்துக்கலாம், நுரை சுமார், நெறம் பச்சையா வரும், வாசம் எல்லாருக்கும் புடிக்காது. டீசலுக்கு பதிலாவும் ஆராய்ச்சி நெறைய நடந்துருக்கு, நாகப்பட்டினம் பக்கம் வயல் மோட்டார புன்னை எண்ணெயிலயே ஓட்டுன விவசாயி பத்தி பத்திரிகையில வந்துருக்கு. கச்சா எண்ணெயில அமிலம் அதிகம்கறதால பயோடீசலா மாத்த ரெண்டு கட்டமா சுத்தம் பண்ண வேண்டியிருக்கும். யூடியூப் பாத்துட்டு புது கார்ல ஊத்தாதீங்க, பழைய மெதுவா ஓடுற எஞ்சின் வேற, இப்ப வர்ற எஞ்சின் வேற.

மருந்துன்னு பாத்தா வாத வலி, மூட்டு வலிக்கு தேய்க்கிறதும் சொறி சிரங்குக்கு தடவுறதும் நம்ம நாட்டு வைத்தியத்துல ரொம்ப பழைய வழக்கம், பிஜி தீவுல திலோன்னு பேர் வச்சு இதே வேலைக்கு வச்சுருக்காங்க. காயம் ஆறுறதுக்கு உதவுதுன்னு ஆய்வுக்கூடத்துல சோதனை நடந்துருக்கு. ஆனா சரும கிரீம்காரங்க சொல்ற மாதிரி எல்லா தழும்பும் மறையும்னு நம்பி மொத்தமா வாங்காதீங்க. முழங்கை உள்பக்கம் ஒரு சொட்டு தடவி ஒரு நாள் விட்டு பாருங்க, செவந்தா, அரிச்சா வேண்டாம், முந்திரி பாதாம் அலர்ஜி இருக்கிறவங்க இன்னும் ஜாக்கிரதை. உள்ளுக்கு குடிக்கவே கூடாது. குழந்தைங்களுக்கு தடவுறதா இருந்தா டாக்டர்கிட்ட கேட்டுட்டு செய்ங்க. இலைய ஊற வச்ச தண்ணியில கண்ணு கழுவுறதுன்னு சில ஊர்ல பழக்கம் இருக்கு, பால் கண்ணுக்கு ஆகாத மரத்துல அந்த விஷப்பரீட்சை எதுக்கு, விட்டுடுங்க.

கட்டை, பிண்ணாக்கு, மிச்சம்

கட்டை செம்பழுப்பு நெறம், நார் பின்னிப் பின்னி ஓடும், அதனால இழைக்கிறது கஷ்டம், ஆனா சீக்கிரம் பிளக்காது. கடற்கரை புன்னை வளைஞ்சு வளர்றதால நீளமான பலகை கிடைக்காது, படகுக்கு விலா எலும்பு மாதிரி உள்ள வைக்கிற வளைவுக் கட்டைக்கு மட்டும் அந்த இயற்கை வளைவே பெரிய வசதி, அறுத்து ஒட்டுன வளைவ விட பலம். கப்பல் பாய்மரக் கம்பத்துக்கு போனது மேற்குத் தொடர்ச்சி மலையில நெட்டுக்குத்தா வளர்ற இதோட சொந்தக்கார மரங்க. ஹவாய்ல கமானி கட்டைய கடைஞ்சு சாப்பாட்டு கிண்ணம் பண்ணியிருக்காங்க, ருசியில மர வாசம் ஏறாதாம். நம்ம வீட்டு மரத்துல புயலுக்கு கிளை ஒடிஞ்சு விழுந்தா விறகுக்கு போட்டுடாதீங்க, ரெண்டு பக்க வெட்டு முனையிலயும் சாணியோ மெழுகோ பூசி நிழல்ல ஒரு வருஷம் போட்டு வச்சா நல்ல மணைக்கட்டை, கைப்பிடி எல்லாம் கடைஞ்சுக்கலாம்.

ஆட்டுன பிறகு வர்ற பிண்ணாக்க மாட்டுக்கு வைக்காதீங்க, அது தீவனம் இல்ல. மக்க வச்சு உரமா போடுங்க, நேரா செடி தூர்ல வேண்டாம், குப்பைக் குழியில மத்த குப்பையோட கலந்து ஒரு ரெண்டு மாசம் விட்டு எடுத்தா தென்னைக்கும் வாழைக்கும் அருமையா ஒத்து வரும். உடைச்ச ஓடு நல்லா எரியும், அடுப்புக்கு போடலாம், இல்ல தொட்டிச் செடிக்கு அடியில தண்ணி வடியறதுக்கு ஓட்டாஞ்சில்லுக்கு பதிலா ஒரு அடுக்கு போட்டுக்கலாம்.